கடைசியாகக் காணப்பட்டது 1:52

ஜெலுத்தோங் கிளினிக்கில் நேற்றிரவு
இருபத்தாறு கணினிகளை எழுப்பினோம்.
ஒன்றை மட்டும் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தோம்:
எழுத்துரு, அச்சுப்பொறி, டோக்கன் மென்பொருள்.
அதை அப்படியே படமெடுத்து
நெட்வொர்க் வழியே மற்ற இருபத்தைந்துக்கும் இறைத்தோம்.
பதினோரு நிமிடம்.
பூன் கியாட் கைதட்டினான்.
சர்வர் பெட்டியின் மேல் வைத்தே
கொய்தியாவ் பொட்டலத்தைப் பிரித்தோம்.

காலை எட்டு மணிக்கு
மூன்றாம் கவுண்டர் எழுந்தால் ஏழாம் கவுண்டர் விழுந்தது.
ஏழைத் தூக்கினால் பத்தொன்பது.
தாடையைப் பிடித்தபடி வந்த லாரி ஓட்டுநர் கையில்
'கர்ப்பிணிப் பரிசோதனை, எண் 14'.
அவர் வாதாடவில்லை.
போய் அந்த வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கேபிளைக் குறை சொன்னேன்.
சுவிட்சைக் குறை சொன்னேன்.
ஃபைசுலைச் சொல்ல வாயெடுத்தபோது
அவன் ஒரு வாரமாக லீவில் இருப்பது நினைவு வந்தது.

கண்காணிப்புத் திரையில்
இருபத்தாறு வரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரே வரி.
பெயர் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறியது:
கவுண்டர்-03, மருந்தகம்-01,
கவுண்டர்-07, மறுபடியும் கவுண்டர்-03.

பினாங்கில் இன்னொருத்தி இருக்கிறாள்,
சின்னையா மகள் மரகதவல்லி, என்னைப் போலவே.
அவளுடைய நெஞ்சுப் படத்தை ஒருமுறை
பெரிய ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
இடப்பக்கம், கீழே, ஒரு வெள்ளைப் புள்ளி.
இரண்டு நாள் அது என் புள்ளியாக இருந்தது.
சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் ஐசி எண்ணைப் பார்த்த தாதி
சிரித்துக்கொண்டே திருப்பி வாங்கினாள்.
எண்ணால் நான் தப்பித்தேன்.
அவள் தப்பித்தாளா, யாரும் சொல்லவில்லை.

இவற்றுக்கு நேர்மாறு:
பெயர் வேறு வேறு, எண் ஒன்று.
ஒரு சின்னக் கோப்பு. உள்ளே ஒரே வரி, முப்பத்திரண்டு எழுத்து.
ஏழு, எஃப், மூன்று, ஏ என்று போகிறது.
பக்கத்துக் கணினியிலும் ஏழு, எஃப், மூன்று, ஏ.
மருந்தகம் போய்ச் சேர்ந்தபோது
திரையைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.
முகவரி தருகிற சர்வர்
முகத்தைப் பார்ப்பதில்லை, இந்த வரியைத்தான் கேட்கிறது.
வந்தவனே மறுபடி வந்தான் என்று
கொடுத்ததையே கொடுக்கிறது.
அதன் மேல் தப்பில்லை.

படமெடுக்கும் முன்
அந்த வரியை நாங்கள் அழித்திருக்க வேண்டும்.
கோப்பை அல்ல. கோப்பு இருக்க வேண்டும், வெறுமையாக.
வெறுமையைக் கண்டால்தான் ஒவ்வொன்றும்
முதல் விழிப்பில் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ளும்.
கையேட்டில் இருக்கிறதாம்.
நாற்பத்தோராம் பக்கம், அடிக்குறிப்பு.
பூன் கியாட் பிறகு காட்டினான்.

மதிய இடைவேளையில்
ஒவ்வொன்றாகத் துடைத்தோம்.
வெறுமையாக்கு, அணை, எழுப்பு.
திரையில் வரிகள் முளைத்தன,
இரண்டு, ஐந்து, பதினொன்று,
இருபத்தைந்தில் நின்றுவிட்டன.
பதினேழாம் கவுண்டரின் வயரை எலி கடித்திருந்தது.
காலையில் நான் சொன்ன குறை
அந்த ஒன்றில் மட்டும் உண்மை.

புது வயர் போட்டதும் இருபத்தாறு.
அவற்றுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், இன்னொன்று:
ஏழு, எஃப், மூன்று, ஏ.
கடைசியாகக் காணப்பட்டது 1:52.
யாருடையதும் அல்ல இனி.

"நீக்கவா?"
பூன் கியாட் மவுஸை அதன் மேல் வைத்துக் காத்திருந்தான்.
வேண்டாம் என்றேன்.
பதினாறு நாள் யாரும் வராவிட்டால்
தானே போய்விடும்படி வைத்தேன்.
"வழக்கமாக முப்பதுதானே?"
முப்பது ஜாஸ்தி என்றேன்.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள்.
மூன்றாம் கவுண்டர் 'பதினான்கு' என்று கூப்பிட்டது.
வயிற்றைத் தாங்கியபடி ஒரு பெண் எழுந்தாள்.
தாடையைத் தாங்கியபடி
லாரி ஓட்டுநரும் எழுந்தார்.